சர்க்கார் வளைகாப்பில் பெரியம்மா

என் பெரியம்மா அங்கன்வாடியில் ஆயாம்மாவாக இருந்தார். சோறு வடிப்பது, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவது, மாசமாக இருக்கும் பெண்களுக்கு வீடு தேடிப்போய்ச் சத்துமாவு கொடுப்பது எல்லாம் அவர் வேலை. டீச்சருக்கு நாற்காலி உண்டு, பெரியம்மாவுக்குக் கரண்டி. நாற்காலியைவிடக் கரண்டிக்குத்தான் அதிகாரம் என்று நான் திடமாக நம்பியிருந்தேன். பெரியப்பா நான் பிறப்பதற்கு முன்பே மீன்பிடிக்கப் போய்த் திரும்பி வராதவர். அதனால் பெரியம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நான் அவர் முந்தானையில் இருந்தேன்.

மரக்காணம் பக்கம் எங்கள் ஊர். ஊரை ஒட்டிய முகாமில் புது வீடுகள் கட்டி முடித்ததும், ராமேசுவரம் பக்கமிருந்து ஒரு பஸ் நிறைய இலங்கை அகதிக் குடும்பங்கள் வந்து இறங்கின. பாய், குடம், அடுப்பு, பாத்திரம் எல்லாம் சர்க்கார் கொடுத்தது. "நமக்கு யாரு குட்த்தாங்க?" என்று டீக்கடையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பெரியம்மா தெருவில் நின்றபடியே கேட்டார்: "கட்ன துணியோட கடலத் தாண்டி வந்துக்கிறாங்க. ஒரு குடத்துக்குப் போயி கண்ணு வைக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?" முணுமுணுத்தவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

வந்தவர்களில் ஓர் அக்கா மாசமாக இருந்தாள். கணவன் பெயிண்ட் வேலைக்குக் கிளம்பியதும் கதவைச் சாத்திக்கொள்வாள். நர்சம்மா ஒருநாள் வாசலில் மடக்கிச் சோதித்தபோது ரத்தம் ரொம்பக் குறைவு என்று தெரிந்தது. திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டாவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று சொல்லி, நோட்டில் அவள் பேரை எழுதிக்கொண்டார். அதன்பிறகு அந்தக் கதவு யாருக்கும் திறக்கவில்லை. அவள் ஊரில் இப்படித்தான் பேர் எழுத வந்தவர்கள் அழைத்துப் போன அவள் அண்ணன் திரும்பவே இல்லையாம்.

பெரியம்மா தினமும் போனார். கூடவே நானும். ஒருநாள் சத்துமாவுப் பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு, கதவைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்.

"இன்னா பொண்ணே, இன்னிக்கும் தொறக்க மாட்டியா? தொறக்காட்டி போ. நா வந்துக்கினுதான் இருப்பேன். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, பாராப் பயிரும்..."

மூச்சு வாங்க நிறுத்தினார். உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"கேளாக் கடனும் பாழ்."

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் பெரியம்மாவைப் பார்த்தேன்.

"அட! உங்க ஊர்லயும் இதச் சொல்வாங்களா?"

"ஓம். என்ர அம்மா சொல்லுவா."

கதவு திறந்தது. அன்று அவள் கொடுத்த பாலில்லாத வெறுந்தேத்தண்ணியை நான் பாதியும் படிக்கட்டு பாதியும் குடித்தோம். அவ்வளவு சாயம்! பெரியம்மா மட்டும் முழுசாகக் குடித்து, இன்னொரு வாய் கேட்டார்.

அப்புறம் சத்துமாவில் வெல்லம் போட்டுக் கிளறிக் கொடுப்பதும், மல்லாட்டைக் கடலை வறுத்துக் கொண்டுபோவதும், ரத்தம் ஊறும் மாத்திரையை எதிரில் நின்று விழுங்க வைப்பதுமாக நாட்கள் போயின. ஆனால் ஆஸ்பத்திரி என்றால் மட்டும் அக்கா வாயைத் திறக்கமாட்டாள். அந்த நேரத்தில்தான் திண்டிவனத்தில் சர்க்கார் வளைகாப்பு வந்தது.

அது எங்கள் பக்கத்துப் பெருமைகளில் ஒன்று. ஏழை பணக்காரி பார்க்காமல் மாசமான பெண்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்து, சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, கலந்த சாதம் போட்டு அனுப்புவார்கள். டாக்டரும் வருவார். "ஜல்தி கெளம்பு, நா கூட இருக்கேன்" என்று அக்காவைப் பெரியம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். "எங்கட பக்கம் பிள்ளை பிறக்க முன்னம் இப்பிடி ஒண்டும் செய்யிறேல்லை" என்று அவள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தில் ஒலிபெருக்கி முழங்கியது: "தாய்வீடு இல்லாதவங்களுக்கு இந்த அரசாங்கமே தாய்வீடு!" எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரி மேடம் சிரித்த முகத்துடன் ஒவ்வொருவருக்கும் வளையல் போட்டுக்கொண்டே வந்தார். அக்காவின் முறை வந்தபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, பயமா?"

"இல்லை மேடம். தாய்வீடு போடவேணும் எண்டு சொல்லினம். என்ர தாய்வீடு அங்க நிக்குது."

அவள் காட்டிய திசையில், புளிசாதக் குண்டானுக்குப் பக்கத்தில், கரண்டியும் கையுமாகப் பெரியம்மா நின்றிருந்தார். வளைகாப்பு நடக்கும்போதெல்லாம் அவர் நிற்கும் இடம் அதுதான். சாப்பாட்டுக்கு அவர்தான் தலைமை, அதனால் அந்த இடம் என்று நினைத்திருந்தேன்.

வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். பெரியம்மா அங்கிருந்தே தலையை ஆட்டினார்.

"நா வேணாம் கண்ணு. எனக்குத்தான் வூட்டுக்காரரு இல்லியே. நல்ல காரியம், மேடம் கையாலயே போட்டுக்க."

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "அப்பிடிப் பாத்தா எங்கட ஊரில வளையல் போட ஒருத்தரும் மிஞ்சமாட்டினம், அம்மா. நீங்கள் போடுங்கோ. போட்டா ஆசுப்பத்திரிக்கும் வருவன்."

மேடம் ஒரு கணம் கையிலிருந்த வளையல்களைப் பார்த்தார். பிறகு நேராகக் குண்டானிடம் நடந்துபோய்க் கரண்டியைத் தான் வாங்கிக்கொண்டு, வளையல்களைப் பெரியம்மா கையில் கொடுத்தார். கரண்டி பிடித்த அதிகாரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

பெரியம்மா புளிசாதக் கையை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சந்தனம் தொட்டுக் கன்னத்தில் வைத்தார். வளையலை ஒவ்வொன்றாக மாட்டினார். "எம் பெரியம்மா!" என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றே டாக்டர் பார்த்தார், அக்கா மறுப்புச் சொல்லாமல் ஆஸ்பத்திரியில் தங்கினாள். பிறகு அங்கேயே பெண் குழந்தை பிறந்து, இன்று அது எங்கள் ஊர்ப் பேச்சும் அவள் ஊர்ப் பேச்சும் கலந்து என் வாயையே அடைக்கிறது.

அன்று திரும்பும் பஸ்ஸில் பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டே வந்தார். கண்ணாடி வளையல் உடைந்து கையைக் கிழித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மரக்காணம் வரும்வரை அவர் கையை என் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பித் தேடினேன். ஒரு கீறல்கூட இல்லை.