சுவரில் இரண்டாவது ஓட்டை

சென்ற சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு முன்சுவரில் இரண்டாவது ஓட்டை போட்டோம். முதல் ஓட்டைக்கு வயது மூன்றே வாரம். அதைச் சிமென்ட் வைத்து அடைத்தாயிற்று. புதுப் பெயின்ட்டின் நடுவே அம்மைத் தழும்பு மாதிரி தெரிகிறது.

ஒரு கேமராவுக்கு எதற்கு இரண்டு ஓட்டை? சொல்கிறேன்... சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் கணவர் முரளிக்கு வீட்டில் எல்லாமே ஸ்மார்ட்டாக இருக்க வேண்டும். ஹால் விளக்கு அவர் பேச்சைக் கேட்கும். கீஸர் அவர் போனைக் கேட்கும். "எல்லாம் ஸ்மார்ட் ஆயிடுச்சு, கேட் மட்டும்தான் முட்டாள் மாதிரி நிக்குது" என்றார் ஒருநாள். வாசலில் வைத்துவிட்டுப் போன பார்சல் இரண்டு முறை காணாமல் போனது அவருக்கு நல்ல சாக்காகிவிட்டது.

ஒரு கேமராவைத் தேர்ந்தெடுக்க எத்தனை நாள் ஆகும்? எங்களுக்கு இருபது நாள். நானும் கூட உட்கார்ந்தேன். பேட்டரி கேமராவை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம், கழற்றலாம். ஆனால் சார்ஜ் போட யார் ஏணி ஏறுவது? வைஃபை கேமரா என்றால் நெட் போகும்போதெல்லாம் அதுவும் கண்ணை மூடிக்கொள்ளும். கடைசியில் ஒயர் கேமராதான் என்று முடிவாயிற்று. ஒரே ஒயரில் மின்சாரமும் போகும், படமும் வரும். பதிவாவதெல்லாம் மாடிப்படிக்கு அடியில் உள்ள பெட்டியில் சேரும். "நம்ம வீட்டுப் படம் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கணும். வெளி ஆளுங்க யாரும் பார்க்கக் கூடாது" என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

எவ்வளவு பொறுப்பாகப் பேசியிருக்கிறேன், பாருங்கள்!

மாட்ட வந்தவர் கௌதம். வீடுகள் நெருக்கியடிக்கும் நீலசந்திரா பகுதிக்காரர், நாற்பது வயதிருக்கும். ஏணியில் நின்றபடி, "லென்ஸ் வைடா போட்றதா, டைட்டா சார்?" என்று கேட்டார்.

"எவ்வளவு வைடா வருமோ, அவ்வளவு" என்றார் முரளி.

வந்தது. எங்கள் கேட், தெரு, எதிர்வீட்டு ஸ்கூட்டர், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்கு உள்ளே நிற்கும் அந்தப் பிங்க் பூ மரம்... எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன.

எனக்கு ஆபீஸ் ஊரின் மறுகோடியில், வைட்ஃபீல்டில். காலை பத்து மணிக்கு எங்கள் ஷட்டில் பஸ் ஏதாவது ஒரு சிக்னலில் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் போனை எடுத்து என் வீட்டு வாசலைப் பார்க்கத் தொடங்கினேன். சத்தமில்லாத படம். வெயில் சுவரிலிருந்து மெல்ல இறங்கி வரும். பூக்கள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் உதிரும். ஒரு அணில் காம்பவுண்டுச் சுவரின் மேல் ஓடி வந்து, எதையோ மறந்துவிட்டது போல நின்று, திரும்பிப் போகும். நான் இல்லாதபோது என் வீடு இவ்வளவு அழகாக இருக்கிறதா? பஸ்ஸில் ஹாரன் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு கனவு காண்பது போலப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அந்தக் கனவில் ஒரு மனிதரும் இருந்தார். மரத்தடியில், பக்கத்து வீட்டின் பக்கவாட்டுப் படியோரம் ஒரு நாற்காலி. அதில் தளர்ந்த சட்டையும் மொட்டைத் தலையுமாக ஒருவர் பத்து மணிக்கு வந்து உட்காருவார். முகம் தெரியாது, படத்தின் ஓரத்தில் சின்ன உருவம். கண்ணை மூடி, தலையை அண்ணாந்து, வெயிலை வாங்கிக்கொண்டிருப்பார். சில சமயம் ஒரு பூ அவர் தலையில் விழும். தட்டிவிட மாட்டார். அப்படியே இருப்பார். அவரைப் பார்த்தால் எனக்கும் தோள் இறுக்கம் தளரும். ஆபீஸ் போய்ச் சேரும்போது நிதானமாக இருப்பேன்.

பக்கத்து வீட்டில் இருப்பது ஷைலஜா. பேங்கில் வேலை. கன்னடக்காரர், என்னோடு பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் பேசுவார். கொஞ்ச நாளாக அவரை அதிகம் பார்க்க முடியவில்லை. பார்த்தாலும் தலையில் ஸ்கார்ஃப், வேகமாக ஒரு சிரிப்பு. பனிக்குக் கட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டருகே எதிர்ப்பட்டார். நான் உற்சாகமாக ஆரம்பித்தேன்.

"என்ன ஷைலஜா, மாமனார் திருப்பதி போயிட்டு வந்தாரா? மொட்டை எல்லாம் போட்டிருக்காரு! தினமும் வெயில்ல எவ்வளவு ஜோரா உட்கார்ந்திருக்காரு..."

ஷைலஜா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, எங்கள் சுவரின் மேலே இருந்த கேமராவைப் பார்த்தார்.

"மாமனார் ஊர்லதான் இருக்காரு அக்கா. அது நான்தான்."

என் கண்ணும் கேமராவுக்குப் போனது.

"அவ்வளவு நல்லாவா தெரியுது?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். சந்தேகம் கேட்பது போலக் கேட்டார்.

மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, கீமோ நடக்கிறது. தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. "வீட்ல எப்பவும் தலையில துணி அக்கா. எங்கம்மா பார்த்தா அழறாங்க. சின்ன மக கிட்ட வரவே பயப்படறா. பத்து மணிக்கு எல்லாரும் போயிடுவாங்க. அந்த ஒரு ஹொத்து, அந்த நேரம்தான் யாரும் பாக்க மாட்டாங்கன்னு... துணியை எடுத்துட்டு ஸ்வல்ப, கொஞ்சம் காத்து வாங்குவேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாகில்ல அக்கா, உங்களுக்கு கொத்தில்லா அல்வா" என்றார். உங்களுக்குத் தெரியாதுதானே என்று அர்த்தம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் படத்தில் வெயில் வந்தது. அணில் வந்தது. நாற்காலி இல்லை. செவ்வாயும் இல்லை. புதனன்று மரத்தடியில் பூக்கள் யாரும் மிதிக்காமல் அப்படியே கிடந்தன. நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு இருந்தது ஒரு மணி நேரம். அதையும் நான் பஸ்ஸில் உட்கார்ந்து ரசித்தே பிடுங்கிவிட்டேனே!

அன்று மாலை முரளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்து, படத்தின் அந்த மூலையில் ஒரு கறுப்புக் கட்டத்தை இழுத்து வைத்தார். "பாரு, இனி அந்த இடம் பதிவே ஆகாது. பிரச்னை தீர்ந்தது."

"அந்தக் கறுப்புக் கட்டம் நமக்குத்தான் தெரியும். அவங்களுக்குத் தெரியறது கேமரா மட்டும்தானே?"

"ஒயர் சுவத்துக்குள்ள போகுது. இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்கு. இதுக்காக உடைக்கச் சொல்றியா?"

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முரளி காம்பவுண்டுச் சுவரோரம், ஷைலஜா வீட்டுப் பக்கமாக ஒட்டி நின்று கேமராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டடி நகர்ந்தார். மறுபடி பார்த்தார். உள்ளே வந்து, "எங்க நின்னாலும் என்னையேதான் பாக்குற மாதிரி இருக்கு" என்றார். பிறகு கௌதமுக்கு அவரே போன் செய்தார்.

சனிக்கிழமை வந்த கௌதமிடம் பக்கத்து வீட்டுக்கு இது சங்கடமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னோம். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

"எங்க ஏரியாவுல வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்கும் மேடம். ஒரு கேமரா மாட்டினா நாலு வீட்டு பாத்ரூம் கதவு தெரியும். அதனால அங்க எதைப் பாக்கக் கூடாதுன்னுதான் மொதல்ல கேப்பேன். இங்க தோட்டம், காம்பவுண்டுன்னு தூரம் தூரமா இருக்குதேன்னு கேக்காம வுட்டுட்டேன். தப்பு என்னுதும்தான்."

கேமராவைக் கழற்றி, வாசற்கதவின் மேல், எங்கள் கேட்டை நேராகப் பார்க்கும்படி வைத்தார். வைட் லென்ஸை எடுத்துவிட்டுக் குறுகிய லென்ஸ் போட்டார். டிரில்லிங் மெஷின் சத்தம் தெருவுக்கே கேட்டது.

முடிந்ததும் நான் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். "ஷைலஜா, ஒரு நிமிஷம் வந்து பார்த்துச் சொல்லணும். நீங்க சரின்னாதான் கௌதம் ஸ்க்ரூவை டைட் பண்ணுவாரு."

ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு வந்தார். என் போனை வாங்கி, முகத்தருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் ஸ்வல்ப கீழே."

கௌதம் இறக்கினார்.

"ஈ கடே... இந்தப் பக்கம். ஹாங்."

இப்போது படத்தில் எங்கள் கேட், எங்கள் நடைபாதை, எங்கள் செருப்புகள். அவ்வளவுதான்.

"அய்யோ அக்கா, மரம் போயிடுச்சே உங்களுக்கு?" என்றார்.

"மரம் எங்க போகும்? தெருவுல இறங்கினா தெரியுது."

அவர் சிரித்தார். இந்த முறை வேகமான சிரிப்பு இல்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கையை ஒரு கணம் பிடித்து அழுத்தினார். கையில் ஊசி குத்திய இடம் கறுத்திருந்தது. இன்னும் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். ஒரு முறை நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வீட்டிலிருந்தே வேலை. பத்து மணிக்குக் காம்பவுண்டுச் சுவரோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சிமென்ட் தரையில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நீளமான பெருமூச்சு. பிறகு ஒன்றுமில்லை. அவ்வளவு அமைதி... பூ விழுந்தால் கேட்டிருக்கும்.

வாளியை அப்படியே வைத்துவிட்டு, கொலுசுச் சத்தம் வராமல் உள்ளே வந்தேன்.

மத்தியானம் முரளி ஆபீஸிலிருந்து போன் செய்தார். "புது லென்ஸ் எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். "ஒண்ணுமே தெரியல!"