அரை வயிறு சென்னிமலை

நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவர்களிடம் சென்னிமலை என்று கேட்டால், எந்தச் சென்னிமலை என்பார்கள். அரை வயிறு சென்னிமலை என்று கேட்டால் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவன் கேலியாகத்தான் வைத்தான். ஆனால் அதைக் கேலியாகச் சொல்ல இப்போது ஒருவருக்கும் வாய் வராது.

இருபத்திரண்டு வருடம் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் லோடு அடித்த மனிதர். ஓட்ட ஆரம்பித்த புதிதில், ஒரு கல்யாண வீட்டில் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டுத் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது ஒரு நொடி கண் சொக்கிவிட்டது. எதிரே வந்த மாட்டுவண்டியின் நுகத்தடி முறிந்ததோடு போயிற்று. வண்டிக்காரர் பிழைத்தார், மாடுகளும் பிழைத்தன. அன்றோடு சரி. ஸ்டீயரிங் பிடிக்கிறவன் அரை வயிறுதான் தின்ன வேண்டும் என்று வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு கீறல் கிடையாது. வீட்டில் இருக்கும்போதும் அதே அரை வயிறுதான், எப்போது லோடு வரும் என்று யாருக்குத் தெரியும்?

எண்பத்தோராம் வருடம் ஆவணியில், மேட்டூர் அணை நிரம்பிப் பதினாறு கண் மதகில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று டீக்கடைக் குழந்தைவேல் சேதி சொன்னார். மேட்டூருக்கு நூறு நடை லோடு கொண்டுபோயிருக்கிற சென்னிமலை, அணையைத் தான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை என்றார். அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் வேலுமணிக்கு இதைக் கேட்கப் பொறுக்கவில்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த அவர், மைத்துனரின் அம்பாசிடரை இரவல் வாங்கிவந்துவிட்டார். நான்தான் ஓட்டுவேன், நீ சும்மா உட்கார்ந்து வர வேண்டும் என்று கண்டிஷன் வேறு. குழந்தைவேலும் டீக்கடையை அடைத்துவிட்டுக் கூடவே ஏறிக்கொண்டார்.

கிளம்பும்போது சென்னிமலையின் மனைவி பாப்பாயி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு வேலுமணியிடம் மெதுவாகச் சொன்னார். "கண்ணாலம் கட்டி வந்ததுல இருந்து என்ற ஊட்டுக்காரரு வயிறு ரொம்பத் தின்னு நான் பாத்ததில்லீங்க. இன்னிக்கு ஒருநாளாச்சும் திங்க வெச்சுக் கூட்டியாங்க."

"அது என்ற பொறுப்புங்க அம்மணி," என்றார் வேலுமணி. அணையெல்லாம் அவருக்கு அப்போதே இரண்டாம்பட்சமாகிவிட்டது.

ராசிபுரத்தில் நெய் மணக்கும் தோசை. வேலுமணி நாலு தின்றார், சென்னிமலை ஒன்றோடு கை கழுவினார். சேலத்தில் தட்டுவடை செட்: இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் காரட்டும் துருவி வைத்து, சட்னி தடவிக் கொடுப்பார்கள். குழந்தைவேல் ஆறு செட் உள்ளே தள்ளினார், வேலுமணி ஐந்து. "தின்னு மாப்ளே, இன்னிக்கு நீ டிரைவர் இல்ல," என்று வேலுமணி மன்றாடியும் சென்னிமலை ஒன்றுக்கு மேல் தொடவில்லை. என்ன பிறவியோ என்று வேலுமணிக்குக் கோபம்கூட வந்தது.

சேலம் தாண்டியதும் வலப்பக்கம் சேர்வராயன் மலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு நின்றது.

"மலையப் பாரு மாப்ளே."

"நீ ரோட்டப் பாரு."

ஓமலூர் வருவதற்குள் வேலுமணிக்கு ஒரு கொட்டாவி வந்தது. திரும்பிப் பார்த்தார். பக்கத்து சீட்டில் இருந்த சென்னிமலையின் வலதுகால், இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அந்த மனிதர் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஓட்டுகிறவன் முழு வயிறாகத் தின்றால், பக்கத்தில் இருக்கிறவர் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவார்? வேலுமணி தன் தலையிலேயே குட்டிக்கொள்ளாத குறை.

மேச்சேரியில் செல்லியம்மாள் என்பவர் வீட்டோடு சாப்பாட்டுக்கடை நடத்தினார். செம்மறிக் கறி, அம்மியில் அரைத்த மசாலா, கிண்ணத்தில் வறுவல். குழம்பு வாசனை தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து இழுத்தது. வேலுமணிக்கு ஆட்டுக்கறி என்றால் உயிர். ஒரு கரண்டிச் சோறும் இரண்டு துண்டு கறியும் தின்றுவிட்டு இலையை மூடினார்.

"ஏனுங்கண்ணா, உடம்புக்கு ஆகலீங்களா?" என்றார் குழந்தைவேல்.

"வண்டி ஓட்டோணுமில்ல," என்றார் வேலுமணி.

வேலுமணி மூடிய அந்த இலையைச் சென்னிமலை பார்த்தார். பிறகு தன் இலையை நீவிவிட்டுக்கொண்டார். "அம்மணி, சோறு போடுங்க."

நாலு தடவை போட்டார்கள். எலும்பைத் தட்டி உறிஞ்சினார், ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார், மோருக்கும் சோறு கேட்டார். வேலுமணிக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

காரில் இந்தத் தடவை பின்சீட்டில் ஏறிச் சாய்ந்த சென்னிமலை அப்படியே தூங்கிவிட்டார். லாரியில் மாற்று டிரைவர் கியர் மாற்றினாலே விழித்துக்கொள்கிற ஆள், மேட்டூரில் மதகுக்கு எதிரே கார் நின்றதுகூடத் தெரியாமல் குறட்டை விட்டார். பதினாறு கண்ணிலும் தண்ணீர் வெள்ளை வெளேரென்று பாய்ந்துகொண்டிருந்தது.

"எழுப்புங்கண்ணா, இதைப் பாக்கத்தான வந்தோம்."

"தூங்கட்டும் உடு. தண்ணி எங்க போயிரப்போகுது?"

"போயிட்டேதானுங்க இருக்குது," என்றார் குழந்தைவேல்.

மீன் வறுத்து விற்றவர் கூவியபோது வேலுமணி ஓடிப்போய்க் கும்பிட்டு வாயை மூடவைத்தார். புளியமரத்து நிழல் நகர்ந்து வெயில் முகத்தில் விழுந்தது. இன்ஜினைப் போட்டால் விழித்துக்கொள்வாரே என்று இருவருமாக அம்பாசிடரைக் கையால் தள்ளி நிழலில் நிறுத்தினார்கள். நிழல் நகர நகர, ஐந்து மணிக்குள் மூன்று தடவை தள்ளினார்கள். வேலுமணிக்குப் பசி வயிற்றைப் பிறாண்டியது. மீன் வாங்கித் தின்ன யார் தடுத்தார்கள்? ஆனாலும் தின்னவில்லை.

சென்னிமலை எழுந்து இறங்கி வந்தார். தண்ணீரைப் பார்த்தபடி அரைமணி நேரம் நின்றார். சாரல் சட்டையை நனைத்தது. "இத்தன வருசமா இது இங்கயேதான் இருந்துச்சா," என்றார்.

பிறகு மண்ணில் பதிந்திருந்த டயர்த் தடங்களைப் பார்த்தார். ஒரு முழமும் இரண்டு முழமுமாக, நிழலோடு நகர்ந்திருந்த தடங்கள். டிரைவருக்கா புரியாது? கையை நீட்டினார்.

"சாவியக் குடு. நான் தின்னு தூங்கியும் ஆச்சு. நீ போய் வயிறு ரொம்ப மீனு தின்னுட்டு வா, ஊட்டுக்கு நான் ஓட்டறேன்."

வேலுமணி எட்டு மீன் தின்றார். மேச்சேரி தாண்டியது, சேலம் தாண்டியது, ராசிபுரம் தாண்டியது எதுவும் அவருக்குத் தெரியாது. பாப்பாயி கார்க் கதவைத் திறந்து, "சாப்பிட்டாருங்களா?" என்று கேட்டபோதுதான் கண் விழித்தார்.