நிற்காமல் போகவேண்டிய வாசல்

திருப்பதியில் நான் இப்போது குடியிருக்கும் அடுக்குமாடியில், மார்கழி விடியலில் பாட்டு லிஃப்டுக்குப் பக்கத்து ஸ்பீக்கரில் வருகிறது. சுருதி தப்புவதில்லை. கேட்க ஒருவரும் எழுந்து வருவதுமில்லை. நானும் போர்வைக்குள் படுத்தபடியே புத்தூரை நினைத்துக்கொள்கிறேன்.

சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்காலம் முழுக்க மற்றவர்களுக்கு விதிகளைப் படித்துக் காட்டிப் பிழைத்தவன் நான். ஓய்வு பெற்றுப் புத்தூரில் குடியேறியதும் தெருப் பஜனைக் கோயிலுக்கு என்னைச் செயலாளராக்கினார்கள். எனக்குப் பாட வராது என்றேன். அதனால்தான் உங்களைக் கேட்கிறோம் என்றார்கள். மைக்குக்கு அனுமதி வாங்க, மனு எழுதத் தெரிந்த ஒருவன் வேண்டியிருந்தது.

மார்கழி முழுக்க விடியலில் கோஷ்டி கிளம்பும். ஆர்மோனியம் ஒருவர் கழுத்தில் தொங்கும், மிருதங்கம் இன்னொருவர் இடுப்பில். வாசலுக்கு வாசல் நின்று ஒரு பாட்டு, கற்பூர ஆரத்தி, கையில் கொஞ்சம் சுண்டல், அப்புறம் அடுத்த வாசல். ஒன்று தமிழில் வந்தால் அடுத்தது தெலுங்கில் வரும். பொதுச்சுவருக்காக ஒருவரையொருவர் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள், பனியில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒரே அடியைச் சேர்ந்து பாடுவார்கள். அந்தச் சமரசத்தை எந்த நீதிபதியும் எழுதியிருக்க முடியாது. எதற்கும் எளிதில் உருகாத நானே அங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். பனி என்று சொல்லிக்கொள்வேன்.

முன்பாட்டுப் பாடியவர் ஒரு முன்னாள் பஸ் கண்டக்டர். ரேணிகுண்டாவில் நின்று "ஏர்பேடே...ய்" என்று ஊர்ப்பெயரை இழுத்துக் கூவிய அதே தொண்டையால் சாமியையும் இழுத்துக் கூப்பிடுவார். அவர் ஓர் அடியை எடுத்துக் கொடுப்பார், தெருவே அதை வாங்கிப் பாடும்.

ஒரு வருஷம் கார்த்திகையில் அவர் இறந்துபோனார். சாவு நடந்த வீட்டு வாசலில் ஒரு வருஷத்துக்குக் கோஷ்டி நிற்காது. வாத்தியங்களை நிறுத்தி, வாயை மூடிக் கடந்துபோக வேண்டும் என்பது வழக்கம்.

மார்கழி பிறப்பதற்கு முந்தைய நாள் அவர் மனைவி கோயிலுக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார், நாளிக்கு எங்க வூட்டாண்ட நிக்க மாட்டீங்களாமே?"

"வழக்கம்க்கா. நாங்க இன்னா பண்ண முடியும்?" என்றார் மிருதங்கக்காரர்.

"இத்தினி வருசம் உங்களுக்கு எடுத்துக் குட்த்த மனுசன். தெருவெல்லாம் பாடிக்கினு வந்து, அவரு வாசல்ல மட்டும் ஊமையா போவீங்களா? ஆரத்தி வேணாம், சுண்டல் வேணாம். ஒரே ஒரு பாட்டு பாடிட்டுப் போங்க."

"சார கேளுங்கக்கா. ரூல்ஸு அவருக்குத்தான் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அலுவலகத்தில் பழகிய பார்வைதான். முடிவெடுக்கும் பாவத்தை அடுத்த மேசைக்குத் தள்ளுகிற பார்வை. ஊர் வழக்கத்துக்கு விலக்குத் தர எனக்கு அதிகாரமில்லை என்றேன்.

"அப்ப யாருக்கு சார் அதிகாரம்?"

எந்தக் கோப்பிலும் இல்லாத கேள்வி. அவர் முந்தானையைச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அந்த வீடு நெருங்கியதும் மிருதங்கம் நின்றது, ஆர்மோனியம் நின்றது. வாசலில் கோலமில்லை. உள்ளே ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. தலையைக் குனிந்தபடி கால்வாசி வாசலைக் கடந்திருப்போம். நிலைப்படியில் அந்தம்மா வந்து நின்று, கண்டக்டர் வழக்கமாகத் தொடங்கும் பாட்டின் முதல் அடியை எடுத்தார். அடுப்படியில் இருந்தபடி காலமெல்லாம் கேட்ட பாட்டு. குரல் நடுங்கியது. ஆனால் கண்டக்டர் இழுக்கும் இடத்தில், அவர் இழுக்கும் நீளத்துக்கே இழுத்தது. எங்கள் கோஷ்டியில் பெண்கள் யாரும் முன்பாட்டுப் பாடியதில்லை.

மிருதங்கக்காரர் என் பக்கம் சாய்ந்தார். "சாரே, இப்ப இன்னா பண்றது?"

"வாசல்ல நிக்கக் கூடாதுன்னுதான் வழக்கம். எடுத்துக் குடுத்த அடிய வாங்காம போலாம்னு எந்த வழக்கத்துலயும் இல்ல."

"நிக்காம எப்படி சாரே பாடறது?"

"மெதுவா நடங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு மிருதங்கத்தில் கை விழுந்தது. கோஷ்டி அடியை வாங்கியது. பொதுச்சுவர் வழக்குக்காரர்கள் இரண்டு பேரும் எல்லோரையும் விட உரக்கப் பாடினார்கள். அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு அடுத்த அடியைக் கொடுத்தார். அவ்வளவு மெதுவாக மனிதர்கள் நடந்து நான் பார்த்ததில்லை. பாட்டு முடிந்தபோது ஆர்மோனியக்காரர் அந்த வீட்டு வாசல் முருங்கை மரத்தைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

மாதம் முழுவதும் அப்படித்தான் நடந்தோம். இன்றைக்கும் யாராவது கேட்டால், அந்த வருஷம் கோஷ்டி அந்த வாசலில் ஒருநாளும் நிற்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன்.