அலமாரியில் மருமகளுக்கு இரண்டு தட்டு

காசிநாதன் வீட்டுக்குள் ரிப்பேர் வேலைக்கென்று வெளியாள் வந்ததே கிடையாது. சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக வீட்டைச் சுற்றி வருவார். அவர் கைபட்ட எதுவும் ஓடாமல் நின்றதில்லை. ஆனால் அவர் சொன்னபடிதான் ஓடும். ஹால் ஃபேனைப் போட பாத்ரூம் ஓரத்துச் சுவிட்சுக்குப் போக வேண்டும். பின்கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ் விழும். கிரைண்டருக்கு முதுகில் ஓர் அடி.

மகன் கலையரசன் மெக்கானிக்கல் படித்தவன், அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. கல்யாணமாகி இருபத்தைந்து நாள்தான் ஆகிறது. மருமகள் சங்கரி கல்பாக்கத்தில் வளர்ந்தவள், சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஐ.டி. வேலை. தினமும் விடியற்காலையில் கட்டிலுக்கடியிலிருந்து டிராலிப் பெட்டியை இழுத்து, ஜிப்பைத் திறந்து, சுடிதாரை எடுத்துக்கொண்டு மறுபடி மூடுவாள். கூடத்தில் படுத்திருக்கும் காசிநாதனுக்கு அந்தச் சத்தம் கேட்கும். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் போடுகிற சத்தம்.

படூரில் வாடகைக்கு வீடு பார்க்கலாமா என்று அவள் கலையரசனைக் கேட்டதும் அவர் காதில் விழுந்தது. வந்த பெண்ணுக்கு அலமாரியில் ஒரு தட்டுகூட ஒழித்துக் கொடுக்கவில்லை, அப்புறம் எப்படி இருப்பாள் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை படுக்கையறை அலமாரியைத் திறந்தார். சுவரோடு பதித்தது, கடப்பாக் கல் தட்டு ஐந்து. கதவு திறந்ததும் நாற்பது ஐம்பது தாம்பூலப் பைகள் அவர் தலைமேல் சரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மணமக்கள் பெயர்.

"இன்னாயா பண்ற?" என்று மனைவி முனியம்மா வந்து நின்றார்.

"மருமவளுக்கு ரெண்டு தட்டு காலி பண்றேன்."

"நல்லா பண்ணு. எதையும் தூக்கி மட்டும் போடாத."

பைகளுக்குப் பின்னால் ஆறு எவர்சில்வர் தவலைகள். வந்த சீர், இன்னொரு விசேஷத்துக்குச் சீராகப் போயிருக்க வேண்டியவை.

"இத யாருக்காச்சும் வெச்சுக் குடுத்துடலாமே?"

"பேரு வெட்டிக்கீதுயா. என் தம்பி பேர் போட்டத எவன் வூட்டு கல்யாணத்துக்குத் தூக்கிகினு போவ?" முனியம்மா அடித்தட்டுக்குள் கையை விட்டு ஒரு மூட்டையை இழுத்தார். உடைந்த குழாய்த் திருகுகள், செத்த சுவிட்சுகள், ரிமோட் மூடிகள். "இது இன்னா, எங்கப்பன் குடுத்த சீரா?"

"அது வேணும், ஒருநாள் தேவப்படும்."

"அப்ப தவலையும் தேவப்படும்."

பேச்சுவார்த்தை மத்தியானம்தான் முடிந்தது. தவலைகளும் மூட்டையும் ஒன்றாகப் பரண் ஏறின. நடுத்தட்டு இரண்டும் பளிச்சென்று காலி. காசிநாதனுக்கு அது போதவில்லை. சங்கரி உடுப்பை ஹேங்கரில் மாட்டுகிற பெண், உள்ளே ஒரு கம்பி வேண்டும். எதிர்வீட்டு தேவசகாயத்திடம் டிரில்லிங் மெஷின் வாங்கி வந்தார்.

"அந்தப் பக்கம் பாத்ரூம் பைப்பு போவுதேப்பா," என்றான் கலையரசன்.

"பைப்ப போட்டதே நான்தான்டா. எனக்குத் தெரியாதா?"

மூன்றாவது ஓட்டையில் தண்ணீர் பீறிட்டு அவர் மூக்கில் அடித்தது. கட்டைவிரலை வைத்து அடைத்தார். விரலின் இரண்டு பக்கமும் பிரிந்து, அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிலில் அடுக்கிய முனியம்மாவின் பட்டுப்புடவைகள்மேல் மழையாக இறங்கியது.

"வால்வ மூடுறா!"

கலையரசன் பின்பக்கம் ஓடினான். "மூடித்தான்பா கீது!" என்று அங்கிருந்தே கத்தினான்.

குழாய்க்குக் குறுக்கே கைப்பிடி நின்றால் மூடியிருக்கிறது, நேராக நின்றால் திறந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் அப்படித்தான். காசிநாதன் வீட்டில் உடைந்த கைப்பிடிக்குப் பதில் மாட்டியது எதிர்ப்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. குறுக்கே நின்றால்தான் தண்ணீர் வரும். ஹாஸ்டல், வேலை என்று வெளியிலேயே இருந்த கலையரசனுக்கு அது தெரியாது. விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தார் காசிநாதன். வாய்க்குள் தண்ணீர் போனது.

"தள்ளு கலை," என்று சங்கரியின் குரல் கேட்டது. தண்ணீர் நின்றது.

"அம்மாடி, உனக்கு எப்படித் தெரியும்?"

"வந்த புதுசுல, கைப்பிடி குறுக்கே நிக்குதே, மூடியிருக்கு போலன்னு நானே நேரா திருப்பி வெச்சுட்டுக் குளிக்கப் போனேன் மாமா. அப்புறம் உடம்பெல்லாம் சோப்போட அரை மணி நேரம் நின்னேன்."

முனியம்மா நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே சிரித்தார். "இஞ்சினியர விட நீ தேவலம்மா."

காசிநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. காலி செய்த இரண்டு தட்டிலும் குளம் கட்டி நின்றது. சங்கரி தாம்பூலப் பை ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மாமா, படூர்ல வீடு முடிவு பண்ணிட்டோம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

"இங்க எடம் இல்லன்னுதானேம்மா?"

"இடமா? இல்ல மாமா, பஸ்ஸு. இங்கேர்ந்து ஆபீசுக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. படூர்னா பக்கம். ஆபீஸ்ல உட்கார முடியல, அவ்ளோ இடுப்பு வலி." அவள் பையைப் பிழிந்தாள். "வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துடுவோம். திங்கட்கிழமை இங்கேர்ந்துதான் வேலைக்குப் போவேன். இந்த ரெண்டு தட்டையும் நான் விட மாட்டேன். அத்தை தவலையைத் திரும்ப இறக்கிடப் போறாங்க, பார்த்துக்குங்க."

இருபத்தைந்து நாளும் ஜிப் சத்தத்தைக் கேட்டவர், இடுப்பு வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. காசிநாதன் ஈரச் சட்டையைப் பிழிந்துவிட்டு, டிரில்லிங் மெஷினை எடுத்துத் துடைத்தார்.

"அந்த வூட்ல செவுரு இன்னா, செங்கல்லா கான்கிரீட்டா?"

"ஓனரு ஆணி அடிக்கவே கூடாதுன்ட்டாருப்பா!" என்றான் கலையரசன் அவசரமாக.

"உன்ன யாரு கேட்டா? நீ சொல்லும்மா."

"செங்கல்தான் மாமா," என்றாள் சங்கரி.