பிணவறையில் ஒரு வாக்குமூலம்

பெரியம்மாவின் உடலை எடுக்கக் கொழும்பில் பிணவறைக்குப் போயிருந்தேன். சிங்களம் தெரியாத ஒரு பெண் சொல்வதைச் சிங்களத்தில் சொல்லும்படி மரண விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மெலிந்த மலையகப் பெண். வெள்ளவத்தையில் மாடி கட்டுமிடத்தில் அவருடைய கணவர் மின்சாரம் தாக்கி இறந்திருந்தார்.

அந்தக் கட்டட வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த கொந்தராத்துக்காரர் என் தோளில் கைவைத்துக் குனிந்தார். "ஒருத்தரிலயும் பிழை இல்லையெண்டு சொல்லுங்கோ. பெட்டி, வேன் எல்லாம் நான் பாக்கிறன்."

அது அந்தப் பெண்ணுக்கும் கேட்டது.

"வயரு பிஞ்சு கெடக்குன்னு அவரு இந்த ஐயாகிட்ட முன்னமே சொன்னாரு. அத அப்படியே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். தோளில் இருந்த கை இறுகியது. ஒவ்வொரு வசனத்துக்கும் அந்தப் பெண், "எழுதிட்டாரா?" என்று கேட்டு, பேனா நிற்கும்வரை பார்த்துவிட்டே அடுத்ததைச் சொன்னார்.

அதிகாரி பிரேத பரிசோதனைக்கு உத்தரவிட்டார். இந்த வாக்குமூலத்தோடு, நட்டஈடு கேட்டு வழக்கும் போடலாம் என்றார். அதற்குள் கொந்தராத்துக்காரர் வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

"கூட வேல செஞ்சவங்க கோட்டுல வந்து சொல்லுவாங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"தெரியாதம்மா."

"வெள்ளவத்தைக்கு எந்த பஸ்ஸுங்க? நானே போயி கேட்டுர்றேன்."

பஸ் ஏற்றிவிட்டேன். அவர் எப்போது அழுதிருப்பார் என்று இன்னமும் யோசிக்கிறேன்.