வராதவனின் முறை

சனிக்கிழமை காலையில் ஜெர்மனியில் யாரும் யாரையும் கைப்பேசியில் அழைக்க மாட்டார்கள். நான் இங்கே வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை அழைப்பு வந்தது. பேசியவர் உவே. எங்கள் தெருமுனைக் கடையில் வெள்ளிதோறும் நடக்கும் 'ஷ்பீலெஆபென்ட்' என்னும் மேசை விளையாட்டு மாலைக்கு அவர்தான் தலைமை. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். பேரன் பேத்தி எடுத்த வயதில் முதுகில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, தன்னை ஒரு சாகச நாயகனாக நினைத்துப் பகடை உருட்டுவார். "நேற்று ஏன் வரவில்லை?" என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. வாத்தியார் முன்னால் நிற்பதுபோல எனக்கு உடம்பு கூசியது. காய்ச்சல் என்று பொய் சொன்னேன். "சூப் கொண்டு வரட்டுமா?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று வெடுக்கென்று வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு வெள்ளியும் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த விளையாட்டுப் பைத்தியம் எனக்கு ஜெர்மனிக்கு வந்து பிடித்ததல்ல. மல்லசமுத்திரத்துக்காரனான எனக்கு அது பக்கத்து ஆட்டையாம்பட்டியிலேயே பிடித்துவிட்டது. கல்லூரித் தோழன் கதிருக்கு அங்கே தறிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. கதிர், அவன் தங்கை சுமதி, பூபதி, நான் என்று நாலு பேரும் நூல் பெட்டிகளைத் தள்ளிவிட்டு உட்காருவோம். பூபதி நாமக்கல்லில் லாரிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டுகிறவன். மிஞ்சிய துண்டுகளை ஒட்டி அவன்தான் எங்களுக்குப் பலகை செய்தான். குழாய் ஒழுகலை அடைக்கும் பசையில் பொம்மைகளையும் பிடித்தான். லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற சிவப்பு மினுக்குத் தாள்தான் அவற்றுக்கு மேலங்கி. ஒவ்வொரு நாயகனுக்கும் ஒரு வல்லமை, ஒரு பலவீனம். பூபதியின் நாயகனுக்குப் பூமிக்கு அடியில் ஓடும் தண்ணீரின் சத்தமெல்லாம் கேட்கும், தன் தாகம் மட்டும் தெரியாது. எனக்குப் பூபதியே ஒன்றைக் கொடுத்தான். "நீ பறப்ப மாப்ள. ஆனா எறங்கத் தெரியாது." அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

எட்டு வருடங்களுக்கு முன் நான் பறந்து வந்துவிட்டேன். முதல் வருடம் ஞாயிறுதோறும் கைப்பேசித் திரை வழியாக ஆடினேன். பிறகு வேலை, தூக்கம், சோம்பல். உண்மையைச் சொன்னால் பெரும்பாலும் சோம்பல்தான். வராத வாரமெல்லாம் பூபதி கூப்பிட்டு, "ஏன்டா வரல?" என்று கேட்பான். ஒருநாள் எரிந்து விழுந்தேன். "வாராவாரம் ஏன் வரலேன்னு கேட்டா நான் என்னத்தடா சொல்றது? என்னை உட்ருங்கடா." அவன் கோபிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு படம் அனுப்பினான். லாரி முதுகில் வாசகம் எழுதுகிற மாதிரி மஞ்சள் எழுத்தில் வெட்டி, பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்தான்: 'வராதவனை ஏன் என்று கேட்காதே. அவன் முறையை இடது கையால் உருட்டு. அவன் இல்லாதபோது அவன் சாகக் கூடாது.'

அன்று முதல் எனக்கு நிம்மதி. ஞாயிறு மதியம் எங்கள் கைப்பேசிக் குழுவில் எனக்கு விழுந்த எண் வரும். 'உனக்கு நாலு.' நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவேன். ஏழு வருடம் இப்படியே ஓடியது. அதைத்தான் நட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆடியில் கதிர் கூப்பிட்டான். "பூபதி போயிட்டான்டா." காரியத்துக்குத்தான் போய்ச் சேர முடிந்தது. பூபதியின் மனைவி தேன்மொழி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டு கிட்னியும் போச்சுங்கண்ணா. நாலு மாசம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலதானுங்க கெடந்தோம். ஆருகிட்டயும் சொல்லாதேன்னு சொல்லிப்போட்டாரு. நீங்களோ கதிரண்ணனோ கேட்டா சொல்லிப்போடலாமுன்னு இருந்தேன். ஆரும் கேக்கலீங்க."

குற்றம் சாட்டும் குரலே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தறிக்கூடத்தில் கதிர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "பட்டறையில வேலை சாஸ்தின்னு நெனச்சோம். குழுவுல கட்டைவெரல் அனுப்பிக்கிட்டுத்தான இருந்தான். போயிப் பாக்கலாம்னு சுமதி சொன்னா. நாந்தான் பலகை ஓரத்து வெதியக் காட்டுனேன். அவனுக்கும் உருட்டுனோம், உனக்கும் உருட்டுனோம். நல்ல எண்ணாவே உழுந்துச்சுடா."

பலகையில் பூபதியின் பொம்மை சாகாமல் நின்றது. பக்கத்தில் என்னுடையது, மேலங்கியில் தூசி இல்லாமல். தூசியைப் பூபதிதான் வாராவாரம் துடைப்பானாம்; அவன் வராத மாதங்களில் சுமதி துடைத்தாளாம். என் சோம்பலுக்குக் குடைபிடிக்க அவன் செய்த விதி அவனையே மறைத்துவிட்டது. இதை யாரிடம் சொல்லி அழுவது? கதிரிடம் கேட்டு அவன் பொம்மையைச் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டேன். "உன்னுத?" என்றான். "இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமை அதைக் கடை மேசையில் வைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் மேலங்கி மினுங்கியது. யாருடையது என்று உவே கேட்டார். என் நண்பனுடையது என்றேன். அவர் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு வழக்கம்போலக் கேட்டார். "ஏன் வரவில்லை?"

பூபதியைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவனைப் பார்த்தே இராத ஒரு ஜெர்மன்காரர். அரைகுறை மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். உவே முதுகுத் துணியை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு பகடையை என் பக்கம் நகர்த்தினார். இடது கையால் உருட்டினேன். அன்றைக்கு வேண்டாம் என்று வெடுக்கென்று மறுத்த சூப்பைப் பற்றி நான் அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. குழுவில் என் எண் வந்தது. 'உனக்கு அஞ்சு.' கட்டைவிரலை அனுப்பப் போன கையை நிறுத்தி, கதிரைத் திரையில் அழைத்தேன். என் வீட்டு மேசையில் பூபதியின் பொம்மை என்னைப் பார்த்து நின்றது. கதிரின் பின்னால், திரையின் ஓரத்தில், என்னுடையது.

"நான் ஏன் வரலேன்னு கேளுடா" என்றேன்.

கதிர் பலகை ஓரத்து மஞ்சள் எழுத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஏன்டா வரல?"

"சோம்பல்தான்டா" என்றேன்.