கேம்பல் பேயில் அப்பாவின் வீட்டைத் தேடி

செவ்வாய்க்கிழமை காலை ஹாடோ ஜெட்டியிலிருந்து கப்பல் கிளம்பியது. நிகோபார் தீவுகளின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கார் நிகோபாரிலும் கமோர்ட்டாவிலும் நின்று போய்ச் சேர இரண்டு நாளாகும். அப்பா வழியனுப்ப வரவில்லை. கடலோரத்துக்கு அவர் வருவதேயில்லை.

எனக்குப் பத்தொன்பது வயது. ஜெட்டி இருக்கும் ஊரிலேயே நான் வளர்ந்த குட்வில் எஸ்டேட்டில் தரை லேசாக அதிர்வது சாதாரணம். மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே ஓடுவார்கள். என் அப்பா மட்டும் என்னைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவார். "செல்வி, கெட்டியாப் புடிச்சுக்க" என்பார். என் பெயர் கவிதா. செல்வி யார் என்று ஆறேழு வயதில் அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பாவோட தங்கச்சி. சுனாமில போயிட்டா. அவர்கிட்ட கேட்காத."

கேட்கவில்லை. ஆனால் அவருடைய ஊரையும் மனிதர்களையும் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை அன்றைக்குப் பிடித்தது, விடவேயில்லை.

நிகோபாருக்கு முன்னால் குறுக்கிடும் டென் டிகிரி சேனல் கடற்பகுதியில் கப்பல் ஆடத் தொடங்கியது. பங்க் படுக்கைகளுக்குக் கீழே செருப்புகள் இங்கும் அங்கும் ஓடின. கம்பியைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை.

வியாழன் காலை கேம்பல் பே. ஆட்டோக்காரர் ராஞ்சியிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர், ஹிந்தி பேசினார். அப்பா பெயரைச் சொல்லி, முருகேசன் வீடு, பழைய செட்டில்மென்ட் என்றேன். கொஞ்ச தூரம் போய் நிறுத்திக் கடலைக் காட்டினார். "ஓ தோ பானி மே ஹை."

வீடு இருந்த இடம் தண்ணீருக்குள். சுனாமி வந்த அன்றைய நிலநடுக்கத்தில் கரையே தாழ்ந்துபோனதாம். பட்ட மரங்கள் அலைக்குள் நின்றன. முதலை எச்சரிக்கைப் பலகை ஒன்று சாய்ந்திருந்தது. நான் மேட்டுப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன்.

ஆட்டோக்காரர் அப்பாவைத் தெரிந்தவர்களை விசாரித்துவிட்டு, மேலே ஒரு டீக்கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரி துர்கா தெலுங்குப் பெண், முப்பதுக்குள் இருக்கும். முருகேசன் மகள் என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நாங்க கூலி வேலைக்குப் புதுசா வந்திருந்தோம். எனக்கு ஏழு வயசு. தண்ணி வந்தப்ப பின்னாலேர்ந்து ஒருத்தர் என்னைத் தூக்கித் தோள்ல போட்டுட்டு ஓடினார். செல்வி, செல்வின்னு சொல்லிட்டே மேடு ஏறினார்."

"நீங்க செல்வி இல்லைன்னு சொல்லலையா?"

"ஆள் மாறிப்போச்சுன்னு தெரியும். சொன்னா இறக்கி விட்டுருவாரோன்னு டர் லகா, பயந்துட்டேன். முகத்தை அவர் கழுத்துல புதைச்சுக்கிட்டேன்."

மேலே இறக்கிவிட்ட பிறகுதான் அப்பா அவள் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"திட்டினாரா?"

"இல்ல. சட்டையைக் கழற்றி எனக்குப் போத்திவிட்டார். அப்புறம் கீழ ஓடப் பார்த்தார். நாலு பேர் சேர்ந்து புடிச்சு வெச்சாங்க."

அப்போது கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. தரை ஒருமுறை நகர்ந்து அடங்கியது. துர்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கடல் உள்வாங்குகிறதா என்று இருவரும் பார்த்தோம். வெகுநேரம் கழித்தே கையை விட்டாள்.

"அவரைப் பார்க்கணும்" என்றாள். "ஆனா என்னைப் பார்த்தா அவருக்கு யார் ஞாபகம் வரும்?"



ஞாயிறு ஹாடோவில் இறங்கியபோது, ஜெட்டி வாசலுக்கு வெளியே அப்பா நின்றிருந்தார். ஆட்டோவில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். குட்வில் எஸ்டேட் ஏற்றத்தில் ஆட்டோ திரும்பியபோது கேட்டார்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"துர்கா."

வீடு வரும்வரை அந்தப் பெயரை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.